கம்பெனி பஸ் வரும் சிறுவீடு

மார்கழி பிறந்த மூன்றாம் நாள் காலையில் மாடத்தி வீடியோவில் கூப்பிட்டாள். தளவாயின் அக்கா அவள். ஏரலுக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வாசலில் தன் மகளுக்காக எழும்பியிருந்த சிறுவீட்டைத் தம்பிக்குக் காட்டவேண்டும் என்று ஆசை. சாண் உயர மண் சுவர்கள், உள்ளே தடுத்துத் தடுத்து அறைகள், முன்னால் ஒரு கோலம், கோலத்தின் நடுவில் சாண உருண்டைமேல் பூசணிப்பூ.

போனைப் பிடுங்கிக்கொண்டு பார்த்தாள் தளவாயின் மகள் கனிஷ்கா. நாலரை வயது.

"இது யார் வூடு அத்தை?"

"எம்மவ வீடுட்டீ. தைப்பொங்கல் கழிஞ்சி இதுக்குள்ள அவளே பொங்கல் வைப்பா."

கனிஷ்கா போனை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு எங்க?" என்று கேட்டாள்.

தாமிரபரணிக் கரை ஊர்களில் மார்கழி மாதம் பெண்பிள்ளைகளுக்கென்று இப்படி ஒரு சின்ன வீடு எழும்பும். அதற்கு அந்தப் பிள்ளைதான் சொந்தக்காரி. பெரியவர்களும் அவளைக் கேட்டுத்தான் அதன் அருகே உட்காருவார்கள். தினமும் கோலத்தில் வைத்த பூவைச் சாணத்தோடு சேர்த்துத் தட்டிக் காயவைத்து, தை மாதத்தில் ஒரு நாள் சிறுவீட்டுக்குள் பொங்கல் வைத்து, அந்தப் பூவறட்டிகளில் கற்பூரம் ஏற்றி ஆற்றில் விடுவார்கள். பையன்களுக்கு அதில் இடமில்லை. தளவாய் சின்ன வயதில் அக்காவின் சிறுவீட்டுக்கு மண் சுமந்திருக்கிறான். சுமந்து கொட்டியதும் விரட்டிவிடுவாள்.

அவன் மனைவி சுகப்பிரியாவுக்கோ இந்த வழக்கமே தெரியாது. அவள் பரமக்குடிப் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் போன் தயாரிக்கும் கம்பெனியில் லைன் லீடர். தளவாய் ஒரகடத்தில் லாரி கியர் செய்யும் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். அவளுக்கு அதிகாலை ஷிப்ட், இவனுக்கு மதிய ஷிப்ட். சேரப்பணஞ்சேரியில் யாக்கோபு என்பவர் வீட்டு முதல் மாடியில் குடியிருந்தார்கள். இரண்டேகால் மணிக்கு அவன் கிளம்புவான், நாலு மணிக்கு அவள் வந்து சேருவாள். இடைப்பட்ட நேரம் குழந்தை கீழே யாக்கோபு வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கும்.

"கட்டிக் குடுத்தா என்ன?" என்றான் தளவாய் அந்த ஞாயிற்றுக்கிழமை.

"எங்க கட்டுவீங்க? இருக்கிறது வாடகை வீடு. மொட்டைமாடியில மண்ணைக் கொட்டினா அந்த அண்ணன் சும்மா விடுவாரா?"

சுகப்பிரியா சொன்னது சரியாகவே இருந்தது. யாக்கோபு முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"வேணாம் தளவாய். போன ஜூலைலதான் மாடிக்கு வாட்டர் ப்ரூஃப் அடிச்சேன். மண்ணு போய் பைப்ல அடைச்சிகினா யாரு பாக்கறது? வேற இன்னா வேணா கேளு, செய்யறேன்."

பக்கத்தில் நின்ற கனிஷ்கா படியேறிப் போனாள். அவள் அழுதிருந்தால்கூட தளவாய் ஏதாவது சமாதானம் சொல்லி விட்டிருப்பான். அவள் மேலே போய் பென்சிலால் ஒரு தாளில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் ஷிப்டில் அவன் கண் மரப் பேலட்டுகள்மேலேயே இருந்தது. வெளிநாட்டுப் பெட்டிகள் வந்திறங்கும் பலகை மேடைகள் அவை. பழசானதும் ரோட்டோரக் கடைகளில் அடுக்கிவைத்து விற்பார்கள். அடுத்த நாள் காலையிலேயே ஒன்றை வாங்கிக் குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். மாடியில் நாலு செங்கல் வைத்து அதன்மேல் பேலட்டைத் தூக்கிவைத்தான். மேலே தார்ப்பாயை இரண்டாக மடித்து விரித்து, ஓரத்தைச் சுற்றிலும் ஆணியடித்து மடக்கிவிட்டான். பிறகு யாக்கோபைக் கூட்டிவந்து காட்டினான்.

"அண்ணே, மண்ணு தரையில படாது. தண்ணி கீழ இறங்காது. வேண்டாம்னா அப்படியே தூக்கிட்டுப் போயிரலாம்."

யாக்கோபு குனிந்து தார்ப்பாயின் அடியில் கையை விட்டுப் பார்த்தார். பேலட்டில் அச்சடித்திருந்த வெளிநாட்டு எழுத்தை வாசிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"வூட்டு மேல ஒரு வூடு. அதுவும் ஃபாரின் கட்டை மேல. சரி, கட்டுபா."

ஸ்கூலுக்கு லீவு விட்டிருந்தது. ஏரிக்கரையிலிருந்து இரண்டு சாக்குக் களிமண் வந்தது. காலை எட்டு மணியிலிருந்து அப்பாவும் மகளும் மாடியில்தான். தளவாய் ஸ்டீல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டான். சுவர் கனம் எல்லா இடத்திலும் ஒரே அளவு. மூலைக்கு மட்டம் பார்த்தான். மூன்றாம் நாள் வெயிலில் அத்தனை சுவரும் வெடித்துப் பிளந்தது.

மாடத்தி போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏலே, வெறும் மண்ணக் கொழச்சா வெடிக்கத்தான் செய்யும். மணலு ஒரு பங்கு சேரு. வைக்கலப் பொடியா நறுக்கிப் போடு. நீ சிறுவீடு கட்டுதேன்னு ஊருக்குள்ள சொன்னா சிரிப்பாவ."

"சிரிக்கட்டும்க்கா. அடுக்களை எந்தப் பக்கம் வரணும், அதச் சொல்லு."

மறுபடியும் மிதித்துக் குழைத்தார்கள். மிதிப்பது கனிஷ்காவின் வேலை. முழங்கால்வரை சேறு.

"அடுக்களை ஒண்ணு, சாமி ரூம் ஒண்ணு, படுக்குற ரூம் ஒண்ணு. போதுமாட்டீ?" என்று கேட்டான் தளவாய்.

"படுக்கற ரூம் ரெண்டு."

"ரெண்டு எதுக்கு?"

"அம்மா நைட்ல சீக்கிரம் தூங்கும். நீ வேலைக்குப் போய்ட்டு வந்து காலையிலயும் தூங்குவ. ஒரு ரூம்ல லைட் போடணும், ஒரு ரூம்ல போடக் கூடாது."

அவன் சிரித்துக்கொண்டே இரண்டாவது அறைக்குக் கோடு போட்டான். அதற்குள் அவள் வாசலிலிருந்து அடுக்களை வரைக்கும் ஈர மண்ணில் விரலால் அகலமாக ஒரு பாதை இழுத்திருந்தாள்.

"இது என்னது?"

"ரோடு. அம்மா கம்பெனி பஸ் வூட்டுக்குள்ளயே வரும். அப்போ அம்மா இருட்டுல நடந்து போவ வேணாம்ல."

தளவாய் கொஞ்ச நேரம் மண்ணையே பிசைந்துகொண்டிருந்தான். சுகப்பிரியா நாலரை மணிக்கு எழுந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு, தெரு நாய்களுக்குப் பயந்து டார்ச் அடித்தபடி பஸ் நிற்கும் இடத்துக்கு நடப்பாள். குழந்தை தூங்குகிறது என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள்.

"பஸ் எவ்வளவு அகலம் இருக்கும்?" என்று கேட்டான்.

அவள் ஓடிப்போய் ஒரு சோப்பு டப்பாவை எடுத்துவந்தாள். அதை அளந்து, அது முட்டாமல் போகும்படி முன் சுவரில் ஒரு வழி விட்டான்.

அன்று டீ பிரேக்கில் சுகப்பிரியாவுக்கு போன் செய்து சொன்னான்.

"நெசமாவா அப்படிச் சொன்னா?"

"அடுக்களைக்குள்ள பஸ் ஸ்டாப்பே வச்சிருக்கா. மாடிக்குப் போய் நீயே பாரு."

மறுநாளிலிருந்து சுகப்பிரியா பத்து நிமிடம் முன்னதாக எழுந்தாள். போன் வெளிச்சத்தில் மாடியேறிச் சிறுவீட்டு வாசலில் ஒரு கோலம் போட்டுவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனாள். ஏழு மணிக்குத் தளவாய் காலிமனை வேலியில் படர்ந்த கொடியிலிருந்து பூசணிப்பூ பறித்துவருவான். சாணத்தைத் தொடமாட்டேன் என்று முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்ட கனிஷ்கா, ஒரு வாரத்தில் "நீ தட்றது சப்பையா வரல, குடு" என்று அப்பாவின் கையிலிருந்து வாங்கித் தட்டத் தொடங்கினாள். மாடிக் கைப்பிடிச் சுவர் நெடுக, நடுவில் மஞ்சள் பூ ஒட்டிய வறட்டிகள் காய்ந்தன. எதிர் மாடியில் குடியிருந்த, கம்பெனி வேலைக்குப் போகும் பையன்கள் பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

போகிக்கு நாலு நாள் இருக்கும்போது, யாரும் எதிர்பாராமல் விடியற்காலையில், சுகப்பிரியா பஸ் ஏறியபிறகு, மழை கொட்டியது. காலையில் தளவாய் மாடிக்குப் போனபோது மூடியிருந்த பிளாஸ்டிக் ஷீட் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. பின் அறைகள் தப்பித்திருந்தன. முன் சுவர் மொத்தமும் கரைந்து சேறாகக் கிடந்தது. பஸ் ரோடு இருந்த தடம்கூட இல்லை.

கனிஷ்கா எழுவதற்குள் எதையாவது போட்டு மூடிவிடலாமா என்று யோசித்தான். திரும்பிப் பார்த்தால் அவள் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். தூக்கம் கலையாத முகம்.

"மழைம்மா. அப்பா திரும்ப..." என்று தொடங்கினான்.

கனிஷ்கா குந்தி உட்கார்ந்து சேற்றை விரலால் குத்திப் பார்த்தாள். இன்னொரு தடவை குத்தினாள்.

"மண்ணு நல்லா எளகிக்கிதுப்பா. மிதிக்கவே வேணாம். இப்போ ஈஸியா கட்லாம்."

தளவாய் அவளையே பார்த்தான். இரண்டு வாரத்துக்கு மேல் வேலை செய்த சுவர் போனதில் வருத்தம் அவனுக்குத்தான்; ஸ்டீல் ஸ்கேலை எடுக்கத் திரும்பினான்.

"நீ அளக்காத. நானே கட்றேன்," என்றாள்.

அன்றும் மறுநாளும் அவளே கட்டினாள். இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அப்பி, உள்ளங்கையால் தட்டித் தட்டி. சுவர் ஒரு பக்கம் சாய்ந்தது, ஒரு பக்கம் வயிறு தள்ளியது. தளவாய் வேலையில் மயிரிழை அளவு பிசகினாலும் பீஸைக் கழிவுக்கான சிவப்புப் பெட்டியில் போடுகிறவன். இரண்டு தடவை அவன் கை ஸ்டீல் ஸ்கேலை எடுக்கப் போனது. இரண்டு தடவையும் எடுக்கவில்லை. கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுத்தான்: தண்ணீர், வைக்கோல், மறுபடி தண்ணீர். பஸ் ரோடு இந்த முறை நேராகப் போகவில்லை. "வளைவு கீது, டிரைவர் ஹாரன் அடிப்பாரு," என்றாள்.

முடித்த சுவரைப் படமெடுத்து மாடத்திக்கு அனுப்பினான். ஐந்து விரலும் பதிந்த சுவர்.

"யாரு கட்டுனா?" என்று உடனே குரல் பதிவில் கேட்டாள் அக்கா.

"அவளேதான். நான் தொடல."

"எம்மவளுக்கு எட்டு வயசாச்சு. இன்னும் நாந்தாம்லே கட்டிக் குடுக்கேன். இவ பெரிய ஆளா இருக்காளே!"

அந்தக் குரல் பதிவைத் தளவாய் அன்று ஷிப்டுக்குப் போகும் வழியில் மூன்று தடவை கேட்டான்.

பொங்கல் கழிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார்கள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை சுகப்பிரியாவின் சூப்பர்வைசர், புது மாடல் ஓடுவதால் ஞாயிறு ஓ.டி.க்கு வரவேண்டும் என்றார். மூன்று வருடத்தில் அவள் ஓ.டி. மறுத்ததில்லை.

"இந்த ஞாயிறு முடியாது சார்."

"ஏன்மா, வீட்ல ஃபங்ஷனா?"

"ஆமா சார். எம் பொண்ணு புது வீடு கட்டியிருக்கா. பொங்கல் வைக்கிறா."

"அவ்ளோ பெரிய பொண்ணா உனக்கு?"

"நாலரை வயசு சார்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. பேரை அடித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். இதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் சுகப்பிரியா. சிரிப்புக்கு நடுவில், "ஆனா நான் பொய் சொல்லலைல்ல?" என்று கேட்டாள்.

ஞாயிறு காலை சுவர்களுக்குச் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக ஏறின. அடுக்களையில் மூன்று கல், கல்மேல் உள்ளங்கை அகல வெண்கலப் பானை. பாவாடை சட்டை போட்டுக்கொண்டதும் கனிஷ்கா யாரிடமும் சொல்லாமல் கீழே இறங்கிப் போய், பேப்பர் படித்துக்கொண்டிருந்த யாக்கோபின் முன்னால் நின்றாள்.

"அங்கிள், எங்க வூட்ல பொங்கல். வாங்க."

"எங்க வூடுன்னா?"

"மாடில கீதே, அந்த வூடு."

பத்து நிமிடத்தில் யாக்கோபு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மாடியேறி வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். தளவாய் பதறிப்போய் நாற்காலி எடுக்க ஓடினான். அதற்குள் கனிஷ்கா அவர் முன்னால் வந்து ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மதிய நேரங்களில் கீழ் ஹாலில் உட்கார்ந்து, வீடு பார்க்க வருகிறவர்களிடம் அவர் பேசுவதை எல்லாம் அவள் கேட்டுவைத்திருந்தாள்.

"செருப்ப அங்கயே வுடணும்."

யாக்கோபு விட்டார்.

"செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. எட்டு மணிக்கு மேல மோட்டார் போடக் கூடாது. துணி காயப்போட்டா கிளிப் போடணும். ஃபிரெண்ட்ஸ கூட்டினு வந்து கத்தினு இருக்கக் கூடாது. நானு முன்னாடியே சொல்லிட்றேன், அப்புறம் வந்து கேக்கக் கூடாது."

குரல், இழுப்பு, விரல் எல்லாமே அவருடையது. சுகப்பிரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தளவாய்க்கு வேர்த்துவிட்டது. யாக்கோபு குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைக் கூப்பினார்.

"சரிங்க ஓனரம்மா. நமக்கு ஒரு ரூம் கிடைக்குமா?"

கனிஷ்கா வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்து யோசித்தாள். "பஸ் வர்ற ரூம் வேணா எடுத்துக்கோங்க. ஆனா பஸ் வந்தா எந்திரிச்சிக்கணும்."

யாக்கோபுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "இன்னா தளவாய், நான் இப்படியா பேசறேன்?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்படித்தான் பேசறேன்," என்று அவரே சொல்லிக்கொண்டார்.

சுள்ளி வைத்துத் தீ மூட்டினார்கள். அரிசியைக் கழுவிப் பானையில் போட்டது கனிஷ்கா, தன் கையால் மூன்று பிடி. புகை கண்ணைக் கரித்தது, ஆனாலும் நகரமாட்டேன் என்றாள். பால் நுரைத்து விளிம்பைத் தொட்டு வழிந்தபோது "பொங்கலோ பொங்கல்!" என்று அவள் கத்திய கத்தலில் எதிர் மாடிப் பையன்கள் வெளியே வந்தார்கள். சுகப்பிரியா நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். பரமக்குடிக் குலவை. அந்தத் தெரு இதுவரை கேட்டிராதது. எதிர் மாடியில் ஒருவன் "எக்கா, இன்னொரு தடவை!" என்று கத்தினான். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே இன்னொரு தடவையும் இட்டாள்.

பொங்கல் மொத்தமே ஒரு கிண்ணம்தான் இருந்தது. அதை ஆறு துண்டு இலையில் வைத்தாள் கனிஷ்கா. முதலில் சாமி ரூமுக்கு. இரண்டாவது பஸ் டிரைவருக்கு. மூன்றாவது யாக்கோபுக்கு. "அப்பா அம்மா அப்புறம். கெஸ்ட்டுதான் ஃபர்ஸ்ட்டு," என்றாள். யாக்கோபு விரல் நுனியில் தொட்டெடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "உப்பில்லாத பொங்கலு இவ்ளோ நல்லா இருக்கும்னு தெரியாதே," என்றார். கீழே போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

சாயங்காலம் மூவரும் ஸ்கூட்டியில் ஏரிக்குப் போனார்கள். ஒரு தட்டு நிறையப் பூவறட்டி. கரையோரம் தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் கற்பூரம் வைத்துத் தளவாய் பற்றவைக்க, கனிஷ்கா குனிந்து மெல்ல விட்டாள். எட்டு ஒன்பது தீபங்கள் நகர ஆரம்பித்ததும், கரைமேல் போன பைக்குகள் ஒவ்வொன்றாக நின்றன. கம்பெனிச் சட்டை போட்டவர்கள், மாடு ஓட்டிவந்த ஒரு பெண், பிள்ளையைத் தோளில் வைத்திருந்த ஒருவர்.

"இன்னா பாப்பா இது? வறட்டில கற்பூரம் ஏத்தி வுட்னு கீற?" என்று கேட்டார் அவர்.

தெரியாதவர்கள் பேர் கேட்டாலே அம்மாவின் பின்னால் போய் நின்றுகொள்ளும் குழந்தை அது. பதில் சொல்லத் தளவாய் வாயைத் திறந்தான். அதற்குள் அவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இது சிறுவீட்டுப் பொங்கல். பொண்ணுங்க மட்டும்தான் வூடு கட்டுவாங்க. அதுல பொங்கல் வெச்சிட்டு பூவத் தண்ணில அனுப்பணும். எங்க வூட்டுக்குள்ள பஸ்ஸு வரும். மழ வந்து செவுரு வுழுந்திச்சி, நான் திரும்பக் கட்டினேன்."

"நீயே தனியாவா?"

"இல்ல. அப்பா ஹெல்ப்பர்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தளவாய் கம்பெனியில் சேர்ந்தபோது ஹெல்ப்பர்தான். நாலு வருடம் கழித்து ஆபரேட்டர் ஆனதை அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னவன். இப்போது அந்தப் பழைய பேரைக் கேட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஆமாண்ணே, ஹெல்ப்பர்தான்," என்றான். மாடு ஓட்டிவந்த பெண் இறங்கிவந்து, "நானு ஒண்ணு வுடட்டா?" என்று கேட்டாள். கனிஷ்கா தட்டிலிருந்து நல்ல பூவாகப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். எப்படிக் குனிய வேண்டும், எப்படிக் கையை எடுக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தாள்.

காற்றில் ஒரு வறட்டி மட்டும் சுற்றிச் சுற்றித் திரும்பக் கரைக்கே வந்தது. கனிஷ்கா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் இறங்கினாள். சுகப்பிரியா "ஏய், பாத்து!" என்று எழுந்தாள். தளவாய் மனைவியின் கையைப் பிடித்து நிறுத்தினான். குழந்தை இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளித் தள்ளி அதை மற்றவற்றோடு சேர்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

மறுநாள் ஐந்து மணிக்கு சுகப்பிரியாவுக்கு பஸ். ஆனாலும் கடைசித் தீபம் அணையும்வரை மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.